வீட்டுக்கு பெயின்ட் அடிக்கணுமா? ரேட்டுக்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்விகள்

பொங்கல் நெருங்கினால் தமிழ்நாட்டில் பெயின்டர் கிடைப்பது குதிரைக்கொம்பு. வடகிழக்குப் பருவமழையில் நனைந்த சுவர் முழுசாகக் காய்ந்திருக்காது. ஆனாலும் போகிக்குள் வேலை முடிந்தாக வேண்டும் என்ற அவசரம். அந்த அவசரத்தில் முதலில் போனை எடுத்தவரிடம், குறைந்த ரேட்டுக்கு, வாய்வார்த்தையாக வேலை ஒப்படைக்கப்படுகிறது.

நாலைந்து மாதத்தில் சுவர் செதில் செதிலாக உரிந்தால் பழி முழுக்க பெயின்டர் மேல் விழும். சில நேரம் அது நியாயம்தான். ஆனால் பல வீடுகளில் கோளாறு ஆளைத் தேர்ந்தெடுத்த விதத்திலேயே தொடங்கிவிடுகிறது. நம்பகமான பெயின்டர் அதிர்ஷ்டத்தால் கிடைப்பவர் இல்லை. சரியான கேள்வி, சரியான அளவு, ஒரு தாளில் எழுதிய ஒப்பந்தம், இந்த மூன்றும் இருந்தால் பாதிப் பிரச்சினை வேலை தொடங்கும் முன்பே தீர்ந்துவிடும்.

ஒரே வீடு, மூணு ரேட் - ஏன்?

ஒரே இரண்டு பெட்ரூம் வீட்டுக்கு மூன்று பேர் மூன்று விலை சொல்வார்கள். அதிக விலை சொன்னவர் ஏமாற்றுகிறார் என்று முடிவு கட்டுவதுதான் வழக்கம். உண்மையில் மூவரும் வேறு வேறு வேலைக்கு விலை சொல்லியிருக்கலாம்.

ஒருவர் பழைய பெயின்டைச் சுரண்டி, இரண்டு கை பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் போட்டு, அதன் மேல் இரண்டு கோட் எமல்ஷன் அடிப்பதாகக் கணக்குப் போட்டிருப்பார். இன்னொருவர் விரிசலில் மட்டும் பட்டி வைத்துவிட்டு நேராக ஒரு கோட் அடிப்பதாக நினைத்திருப்பார். மூன்றாமவர் கணக்கில் எமல்ஷனுக்குப் பதில் டிஸ்டெம்பர் இருக்கும்.

அதனால் ‘ரேட் என்ன?’ என்பது முதல் கேள்வி இல்லை. ‘எத்தனை கோட், என்ன பெயின்ட், பட்டி முழுசாவா, டச்-அப் மட்டுமா?’ என்பதுதான் முதல் கேள்வி. இதற்குப் பதில் வந்த பிறகுதான் மூன்று விலையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியும்.

சுவரைப் பார்க்கிறவரா, கலர் கார்டை நீட்டுகிறவரா?

வீட்டுக்குள் வந்ததும் கலர் கார்டை விரிப்பவரை விட, சுவரைத் தட்டிப் பார்ப்பவர் மேல். அனுபவமுள்ள பெயின்டர் உள்ளங்கையால் சுவரைத் தேய்ப்பார். கையில் மாவு ஒட்டினால் பழைய பூச்சு பலமிழந்துவிட்டது என்று அர்த்தம். பாத்ரூமுக்குப் பின்பக்கச் சுவர், ஜன்னல் ஓரம், மேல்தளத்தின் கீழ்ப்பக்கம் என்று ஓதம் வரும் இடங்களைத் தேடிப் பார்ப்பார்.

சுவரில் உப்பு பூத்திருந்தால் காரணம் உள்ளே இருக்கும் ஈரம். குழாய்க் கசிவையோ மொட்டை மாடி வெடிப்பையோ சரிசெய்யாமல் எவ்வளவு விலை உயர்ந்த பெயின்ட் அடித்தாலும் நிற்காது. “முதல்ல பிளம்பரைக் கூப்பிடுங்க சார், அப்புறம் நான் வர்றேன்” என்று சொல்லும் பெயின்டர் அன்றைய வேலையை இழக்கிறார். அப்படிச் சொல்லத் துணிபவரைத்தான் நம்பலாம்.

அவர் முன்பு வேலை செய்த வீட்டைப் பார்ப்பதிலும் ஒரு விஷயம் உண்டு. போன வாரம் முடித்த வீடு எப்படியும் பளபளவென்றுதான் இருக்கும். ஒரு மழைக்காலத்தைத் தாண்டிய வீட்டைக் காட்டச் சொல்ல வேண்டும்.

சதுர அடிக் கணக்கில் கவனம்

‘சதுர அடிக்கு இவ்வளவு’ என்றதும் பலர் வீட்டின் தரைப்பரப்பை மனதில் வைத்துக்கொள்கிறார்கள். பெயின்டர் கணக்குப் போடுவது சுவரையும் சீலிங்கையும். தரைப்பரப்பைப் போல மூன்று முதல் மூன்றரை மடங்கு பெயின்ட் அடிக்கும் பரப்பு என்பது தொழிலில் இருக்கும் தோராயக் கணக்கு.

உதாரணத்துக்கு, 800 சதுர அடி வீட்டில் அது 2,400 முதல் 2,800 சதுர அடி வரும். சதுர அடிக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இந்த 400 சதுர அடி வித்தியாசமே 8,000 ரூபாய். ரேட்டில் ஒரு ரூபாய் குறைக்க அரை மணி நேரம் பேரம் பேசுபவர்கள், அளவு எடுக்கும்போது டேப்பின் மறுமுனையைப் பிடிப்பதில்லை. கதவு, ஜன்னல், வார்ட்ரோப் இருக்கும் இடங்களைக் கழிப்பதா வேண்டாமா என்பதையும் அப்போதே பேசி முடித்துவிட வேண்டும்.

டப்பாவுக்குப் பின்னால் ஒரு கணக்கு

பெயின்டர் ஒரு குறிப்பிட்ட பிராண்டையே வற்புறுத்துகிறாரா? அதற்கு அனுபவம் காரணமாக இருக்கலாம். பாயின்ட்ஸும் காரணமாக இருக்கலாம். டப்பாவுக்குள் டோக்கன் வைப்பது பெயின்ட் நிறுவனங்களின் பழைய வழக்கம். இப்போது கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் பெயின்டர் கணக்கில் புள்ளிகள் சேரும். இதை மோசடி என்று சொல்ல முடியாது, அவருடைய வருமானத்தில் அதுவும் ஒரு பகுதி. ஆனால் செலவு செய்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

முடிந்தால் மெட்டீரியலை வீட்டுக்காரரே பில்லோடு வாங்குவது நல்லது. தயாரிப்புத் தேதியைப் பார்த்து, சீலைத் தன் கண்முன் திறக்கச் சொல்லலாம். எவ்வளவு தண்ணீர் கலக்க வேண்டும், எத்தனை மணி நேரம் கழித்து அடுத்த கோட், எவ்வளவு பரப்புக்கு வரும் என்பதெல்லாம் டப்பாவிலேயே அச்சாகியிருக்கும். அளவுக்கு மேல் தண்ணீர் ஊற்றுவதுதான் பெயின்டை மிச்சம் பிடிக்கும் சுலபமான வழி. காலி டப்பாக்களை வேலை முடியும்வரை வெளியே போட வேண்டாம். ஷேட் நம்பரை போட்டோ எடுத்து வைத்தால் பின்னாளில் டச்-அப் செய்ய உதவும்.

இன்னொன்றும் உண்டு. வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயத்தின் அளவு 90 பிபிஎம்-ஐத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசு 2016-ல் விதி கொண்டுவந்து, 2017 நவம்பரில் நடைமுறைப்படுத்தியது. அதற்கு முந்தைய பழைய பூச்சைத் தேய்க்கும்போது பறக்கும் தூசியில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. அந்த நாட்களில் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் வேறு இடத்தில் தங்க வைப்பது நல்லது. தேய்ப்பவருக்கும் மாஸ்க் வேண்டும்.

கயிறு யார் பொறுப்பு?

ரேட் பேசும்போது யாரும் வாயைத் திறக்காத விஷயம் இது. இரண்டாவது மாடி வெளிச்சுவரில், ஒரு கயிற்றையும் பலகையையும் நம்பி ஒரு மனிதர் தொங்குகிறார். சேஃப்டி பெல்ட், உறுதியான சாரம், கீழே ஒரு உதவியாள் எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. மிகக் குறைந்த ரேட்டில் முதலில் காணாமல் போவது இவைதான். ஆயிரம், இரண்டாயிரம் குறைத்ததைச் சாமர்த்தியமாக நினைப்பவர்கள், அந்தப் பணம் எங்கிருந்து குறைந்தது என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பெயின்டர்களும் பதிவு செய்யலாம். விபத்து நேர்ந்தால் குடும்பத்துக்கு உதவித்தொகை கிடைக்க அந்தப் பதிவு உதவும். வெளிச்சுவர் வேலைக்கு ஆள் எடுக்கும்போது “வாரிய அட்டை இருக்காண்ணே, பெல்ட் இருக்கா?” என்று கேட்பதற்குக் கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஆப் மூலம் வந்தால் கவலையில்லையா?

நிறுவனங்கள், ஆப்கள் வழியாகவும் பெயின்டிங் சேவை கிடைக்கிறது. பில், எழுத்தில் வாரன்டி, கேள்வி கேட்க ஒரு நம்பர் ஆகியவை இருப்பது வசதிதான். ஆனால் சுவரில் கை வைக்கப் போவது பெரும்பாலும் உள்ளூர் கான்ட்ராக்டரின் ஆட்கள்தான். யார் வருவார்கள், மேற்பார்வை யார், சொன்ன விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று கேட்க வேண்டும். வாரன்டியில் எவையெல்லாம் அடங்காது என்ற பகுதியைத்தான் முதலில் படிக்க வேண்டும். ஓதம் அதில் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

பணமும் தாளும்

முழுப் பணத்தையும் முன்பே கொடுப்பது தவறு. முடிந்த பிறகு இழுத்தடிப்பதும் அதே அளவு தவறு. அட்வான்ஸ் கொஞ்சம், பட்டியும் பிரைமரும் முடிந்ததும் ஒரு பங்கு, முதல் கோட் முடிந்ததும் ஒரு பங்கு, பகல் வெளிச்சத்தில் எல்லாச் சுவரையும் பார்த்துக் குறைகளைச் சரிசெய்த பிறகு மீதி. இப்படிக் கட்டம் கட்டமாகக் கொடுப்பது இருவருக்கும் பாதுகாப்பு.

பேசியதை வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜாக அனுப்பி, அவரிடம் ‘ஓகே’ வாங்கினால்கூடப் போதும். பணத்தை யுபிஐ-யில் கொடுத்தால் அதுவே ஆதாரம். தகராறு முற்றினால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி சேவைக் குறைபாட்டுக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். எங்கே போனாலும் முதலில் கேட்கப்படுவது ஆதாரம்தான்.

“என்ன சார், நம்பிக்கை இல்லையா?” என்று சில பெயின்டர்கள் கேட்கலாம். அந்தத் தாள் அவரையும் காப்பாற்றும். “அப்படியே இந்த கேட்டையும் அடிச்சு விட்ருங்க” என்று காசில்லாமல் வேலை வாங்கும் வீட்டுக்காரர்களுக்கும், கடைசித் தவணையை மாதக்கணக்கில் இழுப்பவர்களுக்கும் நம் ஊரில் பஞ்சமில்லை. பேசியதைப் பேசியபடி கொடுக்கிற வீட்டுக்கு, அடுத்த பொங்கல் நெருக்கடியிலும் அந்தப் பெயின்டர் முதல் ரிங்கிலேயே போனை எடுப்பார்.