ஊசி போடறதுக்கு எதுக்குங்க நாலு வருசப் படிப்பு?

நேத்து சாயங்காலம் சூலூர் பக்கம் ஒரு பேக்கரியில டீ குடிச்சிட்டு இருந்தேன். பக்கத்துல ஒரு தறிக்காரர். மகள் பிளஸ் டூ முடிச்சிருக்கு, பிஎஸ்சி நர்சிங் சேரணும்னு அடம் பிடிக்குதாம். நான் டாக்டர்னு தெரிஞ்சதும் அவர் கேட்ட கேள்விதான் மேல இருக்கற தலைப்பு.

அவர் கெட்ட மனுசன் இல்லைங்க. டீ போடற பையனைக் கூட "ஒரு டீ போடுங்க கண்ணு"ன்னுதான் கூப்பிட்டார். ஆனா இதே கேள்வியை என்கூட எம்பிபிஎஸ் படிச்சவங்க வாயிலயும் கேட்டிருக்கேன். ஒரு காலத்துல என் மனசுலயும் இருந்துச்சு. அதனால இது அவருக்கு மட்டுமான பதில் இல்ல. நீளமான இழை. பொறுமையா படிங்க.

1/
முதல்ல என் தப்பைச் சொல்லிடறேன்.

அரசு வேலைக்கு வந்த புதுசு. கொங்குப் பகுதியில ஒரு சின்ன அரசு மருத்துவமனை. ஊர் பேர் வேண்டாம். ராத்திரி மூணு மணிக்கு ஒரு விவசாயியைக் கூட்டிட்டு வந்தாங்க. வயசு ஐம்பதுக்கு மேல. வயித்து வலி, ரெண்டு தடவை வாந்தி. வயித்தை அமுக்கிப் பார்த்தேன், மெதுவா இருந்துச்சு. ஈசிஜி எடுத்தேன், சரியா இருந்துச்சு. கேஸ் ட்ரபுள்னு முடிவு பண்ணி, அதுக்கு ஊசி எழுதி, அட்மிஷன் போட்டுட்டு ரூமுக்குப் போயிட்டேன்.

2/
நாலு மணி சுமாருக்கு போன். வார்டு சிஸ்டர். "சார், அவருக்கு கண்ணு சொருகுதுங்க..."

"ராத்திரி பூரா வலியில இருந்திருக்கார். தூங்கட்டும் விடுங்க சிஸ்டர்." கட் பண்ணிட்டேன். அவங்க முழுசா சொல்லக்கூட விடல.

3/
இருபது நிமிசம் கழிச்சு மறுபடி போன். இந்தத் தடவை அவங்க நிறுத்தவே இல்ல.

"சார், இது தூக்கம் இல்லைங்க. கூப்பிட்டா பதில் சொல்றார், ஆனா இமையைத் தூக்க முடியல. ஒரே மூச்சுல எண்ணச் சொன்னேன். நாலு மணிக்கு 22 வரைக்கும் எண்ணினார். இப்ப 13-ல நின்னுடுச்சு. எச்சில் முழுங்க சிரமப்படறார். நீங்க வந்து பாருங்க. நேரம் போட்டு நோட்ஸ்ல எழுதியிருக்கேன்."

4/
கோபமாத்தான் எழுந்து போனேன். போய்ப் பார்த்ததும் கோபம் போயிடுச்சு, பயம் வந்துடுச்சு.

எங்க படுத்திருந்தீங்கன்னு அப்பத்தான் கேட்டேன். தோட்டத்துச் சாளையில, தரையில பாய் போட்டு. கட்டுவிரியன்.

கட்டுவிரியன் கடிச்சா பெரும்பாலும் வீங்காது. கடிச்ச தடமே தெரியாமப் போகலாம். ராத்திரி தரையில தூங்கறவங்களைத்தான் அதிகம் கடிக்கும். முதல்ல வயித்து வலி, அப்புறம் இமை இறங்கும், அப்புறம் முழுங்க முடியாது, கடைசியா மூச்சுத் தசைகள் நிக்கும். இது அத்தனையும் பாடப் புத்தகத்துல படிச்சவன் நான். பக்கத்துல நின்னு பார்த்தவங்க அவங்க.

5/
விஷமுறிவு மருந்து 10 குப்பி ஏத்தினோம். மூச்சுக்குழாய்ல டியூப் போட்டோம். 108-ல ஏத்தி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினோம். சில நாள் வென்டிலேட்டர்ல இருந்தார். நடந்து வீட்டுக்குப் போனார்.

ஒரு மாசம் கழிச்சு ஒரு தார் வாழைப்பழத்தோட வந்து "சாமி, உசுரு குடுத்தீங்க"ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டார். நான் அதுல ரெண்டு சீப்பை அறுத்து சிஸ்டர்கிட்ட கொடுத்தேன். பெருந்தன்மைன்னு நினைச்சுக்கிட்டேன். இன்னைக்கு நினைச்சா கூச்சமா இருக்கு.

6/
இப்ப அந்தச் சிஸ்டர் செஞ்சதைப் பிரிச்சுப் பாருங்க.

கவனிச்சாங்க. இது தூக்கமா, தசை பலவீனமான்னு பிரிச்சாங்க. எப்படி அளக்கலாம்னு யோசிச்சாங்க. அளந்து பார்த்து, இருபது நிமிசம் கழிச்சுத் திரும்ப அளந்து ஒப்பிட்டாங்க. மோசமாகுதுன்னு தெரிஞ்சதும் நோயாளிக்காக ஒரு டாக்டர்கூட மோதினாங்க. எல்லாத்தையும் நேரம் போட்டு எழுதினாங்க.

7/
இதுக்குப் பேர் இருக்கு. நர்சிங் பிராசஸ். மதிப்பிடு, பிரச்சினை என்னன்னு கண்டுபிடி, திட்டமிடு, செய், பலன் என்னன்னு திரும்பப் பார். நர்சிங் படிக்கிற ஒவ்வொருத்தரும் முதல் வருசத்துலயே படிக்கற அடிப்படை இது. இதுல எங்கேயும் "டாக்டர் சொல்றதைச் செய்" மட்டும் கிடையாது.

நோயாளியைக் கவனிக்கறதுதான் இந்தத் தொழிலோட ஆணிவேர்ங்கறது இன்னைக்கு நேத்து வந்த விசயமும் இல்ல. 1859-ல ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் எழுதின நர்சிங் புத்தகத்துல நோயாளியைக் கவனிக்கறதுக்குன்னே தனி அத்தியாயம் இருக்கு. விளக்கேந்திய சீமாட்டின்னு நமக்குப் பள்ளிக்கூடத்துல சொல்லிக் கொடுத்தாங்க. ஆனா அந்தம்மா கிரிமியப் போர்ல சிப்பாய்கள் எதனால சாகறாங்கன்னு கணக்கெடுத்து, வரைபடம் போட்டு, பிரிட்டிஷ் அரசாங்கத்தோட சண்டை பிடிச்ச புள்ளியியல்காரர். விளக்கை மட்டும் நாம ஞாபகம் வெச்சுக்கிட்டோம்.

8/
"அப்போ டாக்டர் எதுக்கு?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி.

ஒரு பக்கவாத நோயாளி வர்றார்னு வெச்சுக்குவோம். நான் ஸ்கேன் பார்த்து மூளையில எந்த ரத்தக் குழாய் அடைச்சிருக்குன்னு சொல்லி மருந்து எழுதுவேன். அது என் வேலை.

அந்த மாத்திரையை அவரால முழுங்க முடியுதா, நுரையீரலுக்குள்ள போயிடுமா? ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கலைன்னா முதுகுல எங்க புண் வரும்? எழுந்து நடக்கப் பார்த்து விழுந்துடுவாரா? வீட்டுக்குப் போனா யார் எப்படிப் பார்த்துக்கறது? இதெல்லாம் அவங்க கண்டுபிடிச்சு அவங்களே தீர்க்க வேண்டிய பிரச்சினைகள்.

பக்கவாதம் வந்தவங்க பல பேர் அடைப்பால மட்டும் சாகறதில்லைங்க. நுரையீரல்ல சளி கட்டி, புண்ணுல சீழ் பிடிச்சும் சாகறாங்க.

9/
வர்ஜீனியா ஹெண்டர்சன்னு ஒரு அமெரிக்கச் செவிலியர், போன நூற்றாண்டுல இந்தத் தொழிலுக்கு ஒரு விளக்கம் கொடுத்தாங்க. சாரத்தை நம்ம பாசையில சொன்னா இதுதான்: தெம்பும் மனசும் விவரமும் இருந்தா ஒரு மனுசன் தனக்குத் தானே எதையெல்லாம் செஞ்சுக்குவானோ, அதைச் செய்ய உதவணும். எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் அவனைத் தன் கால்ல நிக்க வைக்கணும். மூச்சு, சாப்பாடு, தூக்கம், சுத்தம்னு 14 தேவைகளை அந்தம்மா பட்டியல் போட்டாங்க.

அந்தப் பட்டியல்ல டாக்டருக்குக் கையாள் வேலை பார்க்கறதுன்னு ஒரு தேவை இல்ல.

10/
சரி, தறிக்காரர் கேட்ட ஊசிக்கே வருவோம்.

நம்ம ஊர்ல இன்சுலின் குப்பி ரெண்டு வகை இருக்கு. ஒரு மில்லியில 40 யூனிட், ஒரு மில்லியில 100 யூனிட். சிரிஞ்சும் ரெண்டு வகை. 100 குப்பியில இருந்து 40 சிரிஞ்சுல 10 கோடு வரைக்கும் இழுத்தா, உள்ள போறது 10 இல்ல, 25 யூனிட். ராத்திரி சர்க்கரை இறங்கி, காலையில ஆள் எழுந்திருக்க மாட்டார்.

பொட்டாசியம் ஊசியைக் கலக்காம நேரா நரம்புல ஏத்தினா இதயம் நின்னுடும். நான் தூக்கக் கலக்கத்துல தப்பா எழுதினா, அதை நிறுத்தற கடைசி ஆள் சிரிஞ்சைக் கையில வெச்சிருக்கறவங்கதான். "சார், இந்த டோஸ் சரியாங்க?"ன்னு கேக்கறது திமிரு இல்ல. அதுதான் அவங்க தொழில்.

11/
எங்க ஆளுங்களுக்கு ஒரு வார்த்தை. அப்படிக் கேக்கற சிஸ்டரை வார்டுக்கு நடுவுல நிக்க வெச்சு "எனக்கே சொல்லிக் கொடுக்கறியா?"ன்னு கத்தறீங்க பாருங்க. அடுத்த தடவை அவங்க கேக்க மாட்டாங்க. வார்டுல இருக்கற மத்த சிஸ்டர்களும் கேக்க மாட்டாங்க. நீங்க கத்தினதுக்கான விலையை அடுத்த மாசம் வேற யாரோ ஒரு நோயாளி கொடுப்பார். நான் கத்தினதில்ல, போனை கட் பண்ணினேன். பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்ல.

12/
இப்ப கணக்குக்கு வருவோம்.

பயிற்சி மருத்துவமனையின்னா 3 படுக்கைக்கு ஒரு செவிலியர், மத்த பொது மருத்துவமனையின்னா 5 படுக்கைக்கு ஒருத்தர். இது இந்திய நர்சிங் கவுன்சில் சொன்ன அளவு. இதை மூணு ஷிஃப்டுக்குப் பிரிச்சாக்கூட ஒரு நேரத்துல ஒருத்தருக்கு 15 நோயாளிதான் வருது.

நான் சொன்ன அந்த ராத்திரி வார்டுல 34 பேர். சிஸ்டர் ஒரே ஒருத்தர். அதுல ஒருத்தரோட இமை இறங்கறதை அவங்க பார்த்தாங்கங்கறது அவங்க திறமை. பார்க்காமப் போயிருந்தா நாம யாரைக் குத்தம் சொல்லியிருப்போம்? நிச்சயமா என்னை இல்ல.

13/
2002-ல லிண்டா ஐக்கன் குழு அமெரிக்காவுல பென்சில்வேனியா மாநிலத்து 168 மருத்துவமனைகள்ல ஆய்வு பண்ணாங்க. ஒரு செவிலியர் பார்க்கற நோயாளிகள்ல கூடுதலா ஒருத்தர் சேர்ந்தா, ஆபரேசன் முடிஞ்சவங்க 30 நாளுக்குள்ள சாகற வாய்ப்பு 7 சதவீதம் கூடுது. 2014-ல ஐரோப்பாவுல ஒன்பது நாட்டுல பார்த்தப்பவும் அதே 7. அதோட இன்னொண்ணும் தெரிஞ்சுது. பட்டப்படிப்பு முடிச்ச செவிலியர் விகிதம் 10 சதவீதம் கூடினா, அந்தச் சாவு வாய்ப்பு 7 சதவீதம் குறையுது.

நாலு வருசப் படிப்பு எதுக்குன்னு கேட்டீங்களே, இதுக்குத்தானுங்க. கலிஃபோர்னியாவுல 2004-ல இருந்து ஒரு செவிலியருக்கு இத்தனை பேர்தான்னு சட்டமே இருக்கு.

14/
அந்த 34 பேருக்கு நடுவுல சிஸ்டர் செய்யற மத்த வேலைகளையும் கேளுங்க. பெட்ஷீட் எண்ணறது. மருந்து இண்டென்ட் எழுதறது. ரிஜிஸ்டர் மேல ரிஜிஸ்டர். அதையே கம்ப்யூட்டர்ல மறுபடி ஏத்தறது. ஃபேன் ஓடலைன்னாலும் சிஸ்டரைத்தான் கேப்போம். நாலு வருசம் நோயாளியைப் பார்க்கப் படிக்க வெச்சு, தலையணை உறைக்குக் கணக்கு எழுத வைக்கறோம்.

15/
சம்பளம் பேசலாமா?

2015-ல தமிழ்நாட்டுல மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் பரீட்சை வெச்சு 7,000-க்கும் மேல செவிலியர்களை எடுத்துச்சு. மாசம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். ரெண்டு வருசம் முடிஞ்சா நிரந்தரம்னு சொன்னாங்க. ரெண்டு வருசம் முடிஞ்சுது, ஆகல. 2017 நவம்பர் கடைசியில சென்னை டிஎம்எஸ் வளாகத்துல குழந்தையோட வந்து உக்காந்தாங்க. வழக்கு ஐகோர்ட் வரைக்கும் போச்சு. அப்புறம்தான் 14,000 ஆச்சு. நிரந்தரம் ஆனவங்களும் பகுதி பகுதியாத்தான் ஆனாங்க.

கொரோனா சமயத்துல அவசரமா எடுத்த 2,000-க்கும் மேற்பட்ட செவிலியர்களுக்கு 2022 டிசம்பர் 31-ஓட வேலை முடிஞ்சுது. அவங்களுக்குக் கை தட்டினப்ப நானும்தான் தட்டினேன்.

என்னை ரெண்டு தடவை போன்ல கூப்பிட்ட அந்தச் சிஸ்டரும் ஒப்பந்தம்தான். வேலை நிரந்தரம் இல்லாத ஒருத்தர், வேலை நிரந்தரமான டாக்டரை எதிர்த்துப் பேசணும்னா எவ்வளவு துணிச்சல் வேணும்னு யோசிங்க. ஒப்பந்த முறையில இருக்கற மருத்துவ ஆபத்தே அதுதான்.

16/
ஒவ்வொரு வருசமும் மே 12 வந்தா கேக் வெட்டி "வெள்ளுடை தேவதைகள்"னு போஸ்ட் போடறோம். தயவுசெஞ்சு நிறுத்துங்க. தேவதைக்கு ஓய்வறை வேண்டாம், லீவ் வேண்டாம், இன்கிரிமென்ட் வேண்டாம். அதனாலதான் அந்தப் பேரு நமக்கு அவ்வளவு வசதியா இருக்கு.

17/
"பிரசவ வார்டுல சிஸ்டருங்க எப்படித் திட்டறாங்க தெரியுமா?"ன்னு கேப்பீங்க. தெரியும். நானே கேட்டிருக்கேன். அது தப்பு. ஆள் பத்தலைங்கறது அதுக்குச் சாக்கு ஆகாது. வலியில கத்தற பொண்ணைத் திட்டறவங்க மேல நடவடிக்கை எடுக்கணும்.

ஆனா ஒரு விசயம். பொறுப்பு கேக்கணும்னா முதல்ல அதைத் தொழில்னு ஒத்துக்கணும். வெறும் எடுபிடியாட்டம் நடத்திட்டு, தப்பு நடந்தா மட்டும் தொழில்முறை நடத்தை எங்கேன்னு கேக்க முடியாது.

அதே பிரசவத்துல இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல மூணு செவிலியர் போட்டு 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க ஆரம்பிச்ச மாநிலம் இது. இன்னைக்குத் தமிழ்நாட்டுல 99 சதவீதத்துக்கும் மேல பிரசவம் மருத்துவமனையிலதான் நடக்குது. அந்தப் பெருமையில ராத்திரிப் பங்கு யாரோடதுன்னு கிராமத்து அம்மாக்களைக் கேளுங்க.

18/
பொதுமக்களுக்கும் ஒண்ணு. வெள்ளைக் கோட்டு போட்டவங்க எல்லாரும் நர்ஸ் இல்ல. சில கிளினிக்ல ஆறு மாசம் பழகின பொண்ணை நிக்க வெச்சு ஊசி போட வைக்கறாங்க. குறைஞ்ச சம்பளத்துக்கு அந்தப் பொண்ணை ஏமாத்தறாங்க, கூடவே உங்களையும். முறையா டிப்ளமோவோ பட்டமோ முடிச்சு, தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மிட்வைவ்ஸ் கவுன்சில்ல பதிவு பண்ணினவங்கதான் செவிலியர். 1926-லயே நம்ம மாகாணத்துல அதுக்குச் சட்டம் வந்தாச்சு. "பதிவு இருக்குங்களா?"ன்னு தாராளமா கேளுங்க.

அப்புறம் ஒரு சின்ன விசயம். பச்சைக் குழந்தைக்கே "வாங்க சாமி"ன்னு மரியாதை கொடுக்கற ஊர் நம்ம ஊர். வார்டுக்குள்ள வந்ததும் "ஏம்மா நர்சு, இங்க வா"ன்னு எப்படி மாறுது?

19/
நான் கேக்கறது நாலே விசயம்தான்.

ஒண்ணு, நிர்ணயிச்ச அளவுக்கு நிரந்தரப் பணியிடம். ரெண்டு, ரிஜிஸ்டருக்கும் பெட்ஷீட்டுக்கும் தனி ஆள். மூணு, நோயாளி மோசமாகறார்னு செவிலியர் கூப்பிட்டா டாக்டர் வந்தே ஆகணும்னு எழுத்துல ஒரு விதி. வரலைன்னா மேல இருக்கறவரை நேரடியாக் கூப்பிடற அதிகாரம். நாலு, மருத்துவ மாணவர்களை முதல் வருசத்துலயே ஒரு வாரம் வார்டு சிஸ்டர்கூட ராத்திரி டியூட்டி பார்க்க வைங்க. என்னை அப்படி யாராவது போட்டிருந்தா முதல் போனுக்கே எழுந்து போயிருப்பேன்.

20/
அந்தத் தறிக்காரருக்கு பேக்கரியில இவ்வளவும் சொல்ல நேரமில்ல. இதை மட்டும் சொன்னேன்: "சேருங்கண்ணா. ஆனா காலேஜுக்கு கவுன்சில் அங்கீகாரம் இருக்கான்னு பாருங்க. பயிற்சிக்கு மருத்துவமனை இருக்கா, அதுல நிஜமாவே நோயாளிங்க இருக்காங்களான்னு ஒரு நாள் நேர்ல போய்ப் பாருங்க. வெறும் கட்டடத்தைப் பார்த்துட்டுப் பணம் கட்டிடாதீங்க."

"ஊசி போட எதுக்கு நாலு வருசம்"ங்கற கேள்விக்கு என்கிட்ட இருக்கறது ரெண்டே நம்பர். 22, 13. அந்த ரெண்டையும் ஒருத்தங்க அளந்து, நேரம் போட்டு எழுதி வெச்சதாலதான் ஒரு மனுசன் இன்னைக்கும் தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சிட்டு இருக்கார். இப்ப தரையில படுக்கறதில்லையாம், கட்டில் வாங்கிட்டாராம்.