‘எல்லாம் ஸ்கிரிப்ட்’ என்னும் பொய்த் தெளிவு

பிக் பாஸ் போன்ற போட்டி நிகழ்ச்சிகள் முழுவதும் முன்கூட்டியே எழுதிவைத்து நடிக்கப்படுபவை என்பதும், அவற்றை நாள்தோறும் பார்த்து, பார்த்ததைப் பற்றி மணிக்கணக்கில் வாதிடுவோர் ஏமாளிகள் அல்லது வேலையற்றவர்கள் என்பதும் தமிழ்நாட்டில் மிகப் பரவலாக நிலவும் கருத்தாகும். படித்தவர்களிடையே இக்கருத்து ஏறத்தாழ ஓர் அறிவடையாளமாகவே மாறிவிட்டது. ‘எல்லாம் ஸ்கிரிப்ட்’ என்று ஒருவர் சொல்லிவிட்டால் சொன்னவர் விவரமானவராகவும் ரசித்துப் பார்ப்பவர் வெகுளியாகவும் ஆகிவிடுகிறார்கள். இக்கருத்தின் இரு பாதிகளும் தவறானவை. முதற்பாதி, இந்நிகழ்ச்சி உண்மையில் எவ்வாறு உருவாக்கப்படுகிறது என்பதை அறியவொட்டாமல் தடுக்கிறது. இரண்டாம் பாதி, அந்த உருவாக்கத்தை யார் மிகக் கூர்ந்து ஆராய்கிறார்களோ அவர்களையே இழிவுபடுத்துகிறது.

நெதர்லாந்தில் 1999ஆம் ஆண்டு ஜான் டி மோல் என்னும் தயாரிப்பாளர் ‘பிக் பிரதர்’ என்ற பெயரில் தொடங்கிய இவ்வடிவம், 2006இல் இந்திக்கும், 2017 ஜூன் 25 அன்று கமல்ஹாசன் தொகுத்து வழங்க விஜய் தொலைக்காட்சி வழியாகத் தமிழுக்கும் வந்தது. பெரும்பாலான நாடுகளில் இதன் அடிப்படை ஒன்றே: வெளியுலகத் தொடர்பு அறுக்கப்பட்ட ஒரு வீடு, எந்நேரமும் இயங்கும் கேமராக்கள், யாரை வெளியேற்றலாம் என்று போட்டியாளர்களே ஒருவரையொருவர் பரிந்துரைக்கும் ‘நாமினேஷன்’, அந்தப் பட்டியலில் இருப்பவர்களுக்குப் பார்வையாளர்கள் அளிக்கும் வாக்கு. இத்தகைய வீட்டுக்குள் வசனம் எழுதித் தர வேண்டிய தேவையே எழுவதில்லை. எளிதில் சினம் கொள்பவர் ஒருவரையும், சினத்தைக் கண்டால் சீண்டத் தோன்றும் மற்றொருவரையும் தேர்ந்தெடுத்து, கைப்பேசி, நாளிதழ் எதுவும் இன்றி ஒரே கூரையின்கீழ் வைத்து, உணவுப் பொருளையும் ஒரு ‘டாஸ்க்’கில், அதாவது இட்ட பணியில், வென்று பெறும்படி செய்துவிட்டால், சண்டை தானாக வரும். வந்த சண்டை பொய்யன்று. அது வருவதற்கான சூழல் மட்டுமே திட்டமிட்டு அமைக்கப்பட்டது.

இதற்கு அடுத்த நிலையில் இருப்பது படத்தொகுப்பு, எல்லோரும் வழங்கும் சொல்லில் ‘எடிட்’. ஒரு நாளின் 24 மணி நேரப் பதிவு ஏறத்தாழ ஒரு மணி நேர ஒளிபரப்பாகச் சுருங்கும்போது, எதை வைப்பது, எதை விடுவது, எதற்குப் பின் எதை ஒட்டுவது என்ற முடிவுகளிலேயே ஒருவர் நல்லவராகவும் மற்றவர் கெட்டவராகவும் உருவெடுக்கிறார்கள். காலையில் வேறு எதற்கோ முகம் சுளித்தவரின் முகத்தை, மாலையில் இன்னொருவர் அழும் காட்சிக்கு நடுவே வெட்டி வைத்தால், அழுகையைக் கண்டு வெறுத்தவர் என்ற பழி அவர் மேல் விழுந்துவிடும். வெவ்வேறு நேரங்களில் பேசிய துண்டுகளை ஒட்டி ஒரே பேச்சாக்கும் முறைக்கு அமெரிக்கத் தொலைக்காட்சித் தொழிலில் ‘ஃபிராங்கன்பைட்’ என்று தனிப் பெயரே இருக்கிறது. ஆள் தேர்வு, சூழல் அமைப்பு, எடிட் ஆகிய மூன்றும் வெவ்வேறு மனிதர்கள் வெவ்வேறு நோக்கத்தோடு செய்யும் வேலைகள். மூன்றிலும் தவறு நேரலாம். மூன்றுக்கும் பொறுப்பேற்க வேண்டியவர்கள் உண்டு. ‘ஸ்கிரிப்ட்’ என்ற ஒற்றைச் சொல் இவை எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பரணில் போட்டுவிடுகிறது.

முடிவை முன்கூட்டியே தீர்மானிக்கும் மோசடி தொலைக்காட்சி வரலாற்றில் நடக்கவே இல்லை என்பது இங்கு வாதமன்று. அமெரிக்காவில் 1950களில் ‘ட்வென்டி ஒன்’ என்னும் வினாடி வினா நிகழ்ச்சியில் போட்டியாளர்களுக்கு விடைகள் முன்னதாகவே தரப்பட்டன. அதில் புகழ்பெற்ற சார்லஸ் வான் டோரன் 1959இல் நாடாளுமன்றக் குழுவின் முன் அதை ஒப்புக்கொண்டார். அடுத்த ஆண்டே இத்தகைய மோசடி அங்கு சட்டப்படி குற்றமாக்கப்பட்டது. அந்த மோசடி வெளிவந்தது, விடை கொடுக்கப்பட்டதைக் குறிப்பாகச் சுட்டிய போட்டியாளர்களும் அதை விடாமல் விசாரித்தவர்களும் இருந்ததால்தான். எல்லாமே பொய் என்று அன்று அனைவரும் கையை உதறியிருந்தால், எந்த விடை, யாருக்கு, யாரால் தரப்பட்டது என்ற கேள்வி எழுந்திருக்காது, சட்டமும் பிறந்திருக்காது.

‘எல்லாம் ஸ்கிரிப்ட்’ என்ற நம்பிக்கையால் விளையும் பெரிய கேடு அறம் சார்ந்தது. 2017 ஆகஸ்டில் நடிகை ஓவியா கடும் மன உளைச்சலுக்கு உள்ளாகி பிக் பாஸ் வீட்டைவிட்டு வெளியேறியபோது, அதற்கு முந்தைய நாட்களில் சக போட்டியாளர்கள் பலர் ஒன்றுசேர்ந்து அவரை ஒதுக்கிய காட்சிகளை நாடே பார்த்திருந்தது. அவ்வேளையில் பதறியவர்களும், மன நலம் பற்றி வீடுகளிலும் அலுவலகங்களிலும் பேசியவர்களும், ஒருவரைக் கூட்டமாகச் சேர்ந்து ஒதுக்குவது எவ்வளவு கொடியது என்று வாதிட்டவர்களும், ஏமாளிகள் என்று சொல்லப்பட்ட அந்தப் பார்வையாளர்களே. விவரமானவர்களோ அதையும் நடிப்பு என்றார்கள். கண்முன் ஒருவர் துன்புறுவதை நடிப்பு என்று தள்ளப் பழக்கும் தெளிவு எவருக்கும் பயன்படாது. அது தயாரிப்பாளருக்கு மட்டுமே வசதியானது. நடிப்புக்கு யாரும் பொறுப்புக் கேட்பதில்லை.

பார்வையாளர்களைப் பற்றிய இரண்டாம் பாதிக்கு வரலாம். முதல் பருவத்திலேயே தமிழ் பிக் பாஸ், ‘குறும்படம்’ என்ற சொல்லுக்குப் புதுப்பொருள் ஒன்றைத் தந்தது. வார இறுதியில் ‘அகம் டிவி’ வழியாகப் போட்டியாளர்களோடு பேசும் தொகுப்பாளர், ஒருவர் தான் சொல்லவில்லை என்று சாதித்ததை, அவர் சொன்ன காட்சியையே எல்லோர் முன்னிலையிலும் ஓடவிட்டு மறுப்பதுதான் குறும்படம். ‘அப்படியா சொன்னேன்?’ என்று கேட்டவர் திரையில் தம்மையே காண்கிறார். அறையில் சில நொடிகள் பேச்சில்லை. அந்தச் சில நொடிகளில் கோடிக்கணக்கானோர் கற்றுக்கொண்டது, கூற்றைச் சான்றோடு ஒப்பிட்டே ஏற்க வேண்டும் என்ற ஆய்வு நெறியின் முதற்பாடமாகும்.

அவர்கள் அதை நிகழ்ச்சிக்கு எதிராகவே திருப்பவும் கற்றார்கள். 2022ஆம் ஆண்டு முதல் வீட்டின் 24 மணி நேர நேரலை ஹாட்ஸ்டார் தளத்தில் கிடைக்கத் தொடங்கியபின், நேரலையில் கண்டதையும் இரவு ஒளிபரப்பில் வந்ததையும் அருகருகே வைத்து, எந்த வாக்கியம் வெட்டப்பட்டது, எந்தச் சிரிப்பு இடம் மாறியது என்று ரசிகர்கள் காட்டத் தொடங்கினார்கள். 2023 நவம்பரில் பிரதீப் ஆண்டனி சக போட்டியாளர்களின் புகார்களின் பேரில் சிவப்பு அட்டை காட்டி வெளியேற்றப்பட்டபோது, புகார்களுக்கான காட்சிகள் எவை, முடிவெடுத்த முறை சரியா, பெண்கள் பாதுகாப்பு என்ற தலையாய காரணத்தை எவ்வளவு கவனமாகக் கையாள வேண்டும் என்பன பற்றி நடந்த விவாதம் பல வாரங்கள் நீடித்தது. அவ்விவாதத்தில் எந்தப் பக்கம் நியாயம் இருந்தது என்பது வேறு. விவாதித்தவர்கள் கேட்டது விசாரணை முறை பற்றிய கேள்வி. வெளிநாட்டிலும் இவ்வழக்கம் புதிதன்று. அமெரிக்காவின் ‘சர்வைவர்’ நிகழ்ச்சி ரசிகர்கள் செயற்கைக்கோள் படங்களைக்கூடத் துழாவிப் படப்பிடிப்பு இடங்களைக் கண்டறிந்ததையும், தனித்தனியே சிறிதளவு அறிந்தவர்கள் கூடிப் பேரளவு அறியும் அந்தக் கூட்டறிவையும் ஊடக ஆய்வாளர் ஹென்றி ஜென்கின்ஸ் 2006இல் வெளிவந்த நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

தமிழர்க்கு இவ்வகை வாதம் எவ்விதத்திலும் அந்நியமன்று. ‘பட்டிமண்டபம்’ என்ற சொல் சிலப்பதிகாரத்திலும் மணிமேகலையிலும் வருகிறது. கற்பில் சிறந்தவள் கண்ணகியா மாதவியா என்ற தலைப்பில் மேடைக்கு மேடை பட்டிமன்றம் நடந்திருக்கிறது. கூத்து பார்த்துவிட்டு விடியற்காலையில் வீடு திரும்பும்போதே கர்ணன் செய்தது சரியா என்று வழக்காடியவர்களின் ஊர்கள் இவை. பிக் பாஸ் ஆறாம் பருவத்தின் இறுதியில், 2023 ஜனவரியில், அசீம் வென்றபோது, ஆட்டத்தில் தீவிரமாக இருந்தவர் வெல்ல வேண்டுமா, ‘அறம் வெல்லும்’ என்று சொல்லி நடத்தையில் நின்ற விக்ரமன் வெல்ல வேண்டுமா என்று குடும்பங்களுக்குள்ளேயே எழுந்த வாதம் இந்த மரபின் நேர் தொடர்ச்சி. முன்னதை ரசனை என்றும் பின்னதை வெட்டிப்பேச்சு என்றும் பிரிப்பதற்கு, முன்னது பழையது என்பதைத் தவிர வேறு காரணம் காட்டப்படவில்லை.

ரசிகர் கூட்டத்தின் இழிவான பக்கத்தை மறைக்க வேண்டியதில்லை. ‘ஆர்மி’ என்று தம்மை அழைத்துக்கொள்ளும் குழுக்கள், பிடிக்காத போட்டியாளரை, குறிப்பாகப் பெண்களை, அவர்களுடைய குடும்பத்தாரையும் சேர்த்து வசைபாடுவது வெட்கக்கேடான உண்மை. காசு வாங்கிக்கொண்டு ஆதரவைப் பெருக்கிக் காட்டும் ‘பிஆர்’ வேலை பற்றிப் போட்டியாளர்களே ஒருவர்மேல் ஒருவர் குற்றம் சாட்டுகிறார்கள். வசை தண்டிக்கப்பட வேண்டியது, எவ்விதச் சாக்கும் இல்லாமல். ஆயினும் வசைபாடுவோரைச் சுட்டிக்காட்டி, காட்சியையும் சான்றையும் வைத்துப் பேசுவோரையும் சேர்த்துத் தள்ளுவது, கிரிக்கெட் மைதானத்தில் சிலர் புட்டி எறிந்ததற்காக ஆட்ட நுணுக்கம் அறிந்த அனைவரையும் குண்டர்கள் என்பதற்கு ஒப்பாகும்.

ஐயம் கொள்ள வேண்டிய இடம் ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. அது வாக்கு எண்ணிக்கை. பிரிட்டனில் பார்வையாளர்களின் தொலைபேசி வாக்குகளையும் அழைப்புகளையும் முறையாகக் கையாளாததற்காக 2008இல் ஐடிவி நிறுவனத்துக்கு ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காம் 56.75 லட்சம் பவுண்ட் அபராதம் விதித்தது. தமிழ் நிகழ்ச்சிகளை ஸ்கிரிப்ட் என்று இகழ்வோர் தங்கள் ஐயத்தை அங்கே செலுத்தட்டும். ஒவ்வொரு வார வெளியேற்றத்துக்கும் யாருக்கு எத்தனை வாக்கு விழுந்தது, அதை எண்ணியவர் யார், சரிபார்த்தவர் யார் என்ற விவரத்தை மறுநாளே வெளியிடுமாறு, ரசிகர்களோடு சேர்ந்து அவர்களும் தொலைக்காட்சியைக் கேட்க வேண்டும்.