சுவர்க்கோழிக்கும் ஏகபோகமா?

இரவு நேரத்தில் சுவர் இடுக்கிலிருந்து ஓயாமல் கிரீச்சிடும் சுவர்க்கோழியை நாம் எல்லோரும் அறிவோம். அந்தச் சிறு பூச்சி இன்று சர்வதேசச் சந்தையில் ஒரு சரக்கு. அதை உலர்த்தி, அரைத்து மாவாக்கி, ரொட்டியிலும் பிஸ்கட்டிலும் கலந்து விற்கிறார்கள். 2022 பிப்ரவரியில் ஐரோப்பிய யூனியன் இதை உணவாக விற்பதற்கு அனுமதி அளித்தது. யாருக்கு? தலைமுறை தலைமுறையாக இதை உண்டு வந்த மக்களுக்கா? இதை வளர்த்து ஜீவனம் நடத்தும் விவசாயிகளுக்கா? இல்லை. ஹாலந்தைச் சேர்ந்த ஃபேர் இன்செக்ட்ஸ் என்ற ஒரே ஒரு கம்பெனிக்கு, 5 ஆண்டுகளுக்கு!

இது எப்படி நடந்தது? 2018 முதல் ஐரோப்பாவில் அமலுக்கு வந்த புதிய உணவுகள் சட்டத்தின்படி, பூச்சி உணவை விற்க வேண்டுமானால் அது உடலுக்குத் தீங்கற்றது என்று பரிசோதனை மூலம் நிரூபிக்க வேண்டும். பரிசோதனை செய்த கம்பெனி அதன் விவரங்களைத் தன் சொந்தச் சொத்து என்று கோரலாம். அக்கோரிக்கை ஏற்கப்பட்டால், 5 ஆண்டுகளுக்கு அக்கம்பெனி ஒன்றே விற்கலாம். மற்றவர்கள் அதன் சம்மதத்தைப் பெற வேண்டும். இல்லாவிட்டால் சொந்தச் செலவில் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்து காட்ட வேண்டும். 2023 ஜனவரியில், கொழுப்பு நீக்கிய சுவர்க்கோழி மாவுக்கு இதே சலுகை கிரிக்கெட் ஒன் என்ற கம்பெனிக்குக் கிடைத்தது. அது வியத்நாமைச் சேர்ந்தது. ஆகவே, இதை வெள்ளையருக்கும் ஆசியருக்கும் இடையே உள்ள வழக்கு என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. பணமுள்ளவன் எந்த நாட்டவனானாலும் அவனுக்குக் கதவு திறக்கிறது. இல்லாதவன் எந்த நாட்டவனானாலும் வெளியே நிற்கிறான்.

வெளியே நிற்பவர் யார் என்பதைத் தாய்லாந்தில் பார்க்கலாம். அங்கே 1998-இல் கோன் கேன் சர்வகலாசாலை சுவர்க்கோழி வளர்ப்பு முறையை உருவாக்கி விவசாயிகளுக்குக் கற்றுக் கொடுத்தது. சிமெண்ட் தொட்டி, முட்டை அடுக்கும் அட்டைகள், முட்டையிடுவதற்கு உமி நிரப்பிய கிண்ணம் - இவ்வளவுதான் மூலதனம். ஏறத்தாழ 45 நாளில் அறுவடை. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் 2013-இல் வெளியிட்ட அறிக்கை, அங்கே சுமார் 20,000 பண்ணைகள் இருப்பதாகவும், ஆண்டுக்குச் சராசரி 7,500 டன் விளைவதாகவும் கூறியது. பொதுப் பணத்தில் பிறந்த அறிவு. குடும்பத்தோடு பாடுபடும் உழைப்பு. ஆனால் தீவனம் கடையில் வாங்கும் கோழித் தீவனம். செலவில் பெரும் பங்கை அது விழுங்குகிறது. பூசணிக்காயும் கீரையும் போட்டு விவசாயி அச்செலவைக் குறைக்கப் பார்க்கிறான். ஒருபுறம் தீவன வியாபாரி, மறுபுறம் மொத்த வியாபாரி. இருவருக்கும் நடுவே அவன். இதற்கு மேல் ஐரோப்பியச் சந்தையின் வாசலில் பரிசோதனைச் செலவு என்ற பெரும் பூட்டு!

வேறு நாடுகளில் 25 ஆண்டுகளாக மக்கள் தீங்கின்றி உண்டுவரும் உணவுக்கு எளிய வழி ஒன்று அச்சட்டத்தில் உண்டே என்று சிலர் கூறலாம். உண்டு. ஆனால் அதற்கும் ஆதாரங்களைத் தொகுத்து அனுப்ப வேண்டும். ஏதேனும் ஓர் உறுப்பு நாடு தக்க காரணம் காட்டி ஆட்சேபித்தால் அந்த வழியும் அடைபடும். 10 தொட்டி வைத்திருக்கும் விவசாயியால் இது ஆகிற காரியமா?

பரிசோதனையே வேண்டாம் என்று நாம் கூறவில்லை. இறால், நண்டு ஒவ்வாதவர்களுக்குச் சுவர்க்கோழியும் ஒவ்வாமல் போகலாம் என்று ஐரோப்பிய நிபுணர்களே எச்சரித்துள்ளார்கள். உண்பவர் உயிருக்குப் பாதுகாப்பு அவசியம். ஆனால் மக்களின் உயிரைக் காக்கும் விவரம் ஒரு கம்பெனியின் தனிச் சொத்தாக இருப்பது எந்த நியாயம்?

பெரு மூலதனம்தான் இத்தொழிலை வளர்க்கும் என்ற வாதமும் பொய்த்துவிட்டது. பிரான்சின் இன்செக்ட் கம்பெனி, பூச்சிப் புழுக்களை வளர்த்துப் பெரும்பாலும் கால்நடைத் தீவனமாக்குவதற்கு 60 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. பிரம்மாண்டமான ஆலை எழுப்பியது. 2025 டிசம்பரில் கோர்ட் உத்தரவின் பேரில் அதன் கணக்கு முடிக்கப்பட்டது. தெருவுக்கு வந்தவர்கள் தொழிலாளர்கள்.

மழைக்காலத்தில் ஈசல் பிடித்து வறுத்துத் தின்னும் நமது கிராமத்து ஏழைகளை ஏளனம் செய்யும் கனவான்கள் இங்கே உண்டு. ஏழை தின்றால் அநாகரிகம்; அழகான டப்பாவில் அடைத்து வந்தால் சத்துணவு! ஒரிசாவின் மயூர்பஞ்ச் ஆதிவாசிகள் முசுறு எறும்பிலிருந்து செய்யும் சட்னிக்கு 2024 ஜனவரியில் புவிசார் குறியீடு கிடைத்தது. இதை வரவேற்கிறோம். ஆனால் குறியீடு பெயரைக் காக்கும், விலையைக் காக்காது. மரமேறி, கடிபட்டு எறும்புக் கூட்டைப் பறிப்பவருக்கு என்ன கிடைக்கிறது என்பதே கேள்வி.

ஆகவே நாம் கோருவது இதுதான். உணவுப் பாதுகாப்பு பற்றிய பரிசோதனைகளைப் பொது ஆராய்ச்சி ஸ்தாபனங்கள் பொதுச் செலவில் நடத்த வேண்டும். அதன் முடிவுகள் எல்லோருக்கும் சொந்தமாக வேண்டும். தீவனம் வாங்கவும் விளைபொருளை விற்கவும் விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்களுக்குச் சர்க்கார்கள் கடன் தந்து உதவ வேண்டும். காட்டில் சேகரிக்கும் ஆதிவாசிகளுக்குக் குறைந்தபட்ச விலை உத்தரவாதம் வேண்டும்.

பூச்சி சிறியதுதான், பிரச்னை சிறியதல்ல. விதையிலும் மருந்திலும் ஏகபோகம் கொள்ளையடித்த அதே வழி இங்கேயும் போடப்படுகிறது. பாதை முழுவதும் போட்டு முடிவதற்குள் விழித்துக்கொள்வது விவசாயிகளின் கடமை. அவர்களுக்குத் துணை நிற்பது தொழிலாளி வர்க்கத்தின் கடமை.