மரணத்தின் மேல் ஒரு திரை வேண்டும்



நம் சமுதாயத்தில் ஒருவர் மரணித்தால் முதலில் செய்யப்படும் காரியங்களுள் ஒன்று திரை கட்டுவது. மய்யித்தைக் குளிப்பாட்டும் இடத்தைச் சுற்றி நாற்புறமும் துணி கட்டப்படுகிறது. உள்ளே செல்வோர் இரண்டு மூன்று பேர் மட்டுமே. அவர்களும் உடலின் மறைவிடத்தைத் துணியால் மூடிய நிலையிலேயே குளிப்பாட்டுகின்றனர். இறந்தவரின் உடலில் ஏதேனும் குறையைக் கண்டால் அதனை வெளியில் சொல்லாமல் மறைப்பது கடமை என்றும், அவ்வாறு மறைப்பவருக்கு அல்லாஹ்விடம் மன்னிப்பு உண்டு என்றும் மார்க்க அறிஞர்கள் நமக்குப் போதித்துள்ளனர். தன்னை மறைத்துக்கொள்ள இயலாத நிலையில் கிடக்கும் மனிதருக்காக உயிரோடிருப்போர் பிடிக்கும் திரை அது.

இந்தத் திரையை நினைவில் வைத்துக்கொண்டு, புகழ்பெற்றோர் இறக்கும்போது நம் நாட்டில் நடப்பதைப் பாருங்கள்.

2018 பிப்ரவரி 24 அன்று, சிவகாசிக்கு அருகில் மீனம்பட்டியில் பிறந்த நடிகை ஸ்ரீதேவி துபாயில் ஒரு விடுதி அறையில் மரணமடைந்தார். முதலில் மாரடைப்பு எனச் சொல்லப்பட்டது. இரண்டு நாள் கழித்து, குளியல் தொட்டியில் தவறி மூழ்கியதே காரணம் என அந்நாட்டுக் காவல்துறை அறிவித்தது. உடனே தொலைக்காட்சி அரங்குகளில் குளியல் தொட்டிகள் தோன்றின. ஒரு தெலுங்குத் தொலைக்காட்சியின் செய்தியாளர் தொட்டிக்குள் படுத்தே காட்டினார். அவர் என்ன அருந்தினார், முகத்திற்கு என்ன சிகிச்சை செய்துகொண்டார், இல்லறம் எப்படி இருந்தது என்றெல்லாம் இரவு பகலாக விவாதித்தனர். துபாய் அரசு வழக்கறிஞர் அலுவலகம் 27ஆம் தேதியே வழக்கை முடித்துவைத்தது. ஆனால் வாய்கள் ஓயவில்லை. அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தோரில் தாயை இழந்த இரண்டு பெண்மக்களும் இருந்தனர்.

2020 ஜூன் 14 அன்று நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத் மும்பையில் இறந்தபோது நிலைமை இன்னும் கீழிறங்கியது. அவருடைய உடலின் படங்கள் கைப்பேசிகளில் உலவின. அவர் எழுதாத பதிவுகளை அவர் எழுதியதாகக் காட்டிய ஒரு செய்தித் தொலைக்காட்சிக்கு, செய்தி ஒளிபரப்பாளர்களின் ஒழுங்கமைப்பு 1 லட்சம் ரூபாய் அபராதம் விதித்து மன்னிப்புக் கேட்கச் சொன்னது. அவருடைய தோழியைத் தொலைக்காட்சிகள் பல மாதங்கள் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தின. 2021 ஜனவரியில் பம்பாய் உயர்நீதிமன்றம் இத்தகைய ஊடக விசாரணையைக் கண்டித்தது. 2025 மார்ச்சில் சி.பி.ஐ. சதி ஏதும் இல்லை எனக் கூறி விசாரணையை முடித்துக்கொண்டது. ஆனால் ஒரு பெண்ணின் மானத்தின்மேல் எறியப்பட்ட சேற்றை யார் கழுவுவார்?

ஊடகங்களை மட்டும் குறை கூறி நாம் ஒதுங்கிக்கொள்ள இயலாது. பார்ப்பவர் இல்லையேல் காட்டுபவர் இல்லை. நம் தெருவின் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஜமாஅத் குழுக்களிலும் இத்தகைய செய்திகள் பஜ்ருக்கு முன்பே வந்துவிடுகின்றன. 2016 டிசம்பர் 5 மாலையில், முதலமைச்சர் ஜெயலலிதா உயிரோடு சிகிச்சையில் இருந்தபோதே அவர் இறந்துவிட்டதாகச் சில தொலைக்காட்சிகள் அறிவித்தன. கட்சி அலுவலகத்தில் கொடிகூட அரைக்கம்பத்திற்கு இறங்கி மீண்டும் ஏறியது. கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்னும் கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்க, ‘எனக்கு வந்தது, அனுப்பினேன்’ என்று நாம் சொல்வது எப்படி விடையாகும்?

வதந்தி உயிர்களோடும் விளையாடும். நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு ஏற்பட்டு 17ஆம் தேதி இறந்தார். தடுப்பூசியே காரணம் என்னும் பேச்சு காட்டுத்தீயாய்ப் பரவியது. தொடர்பில்லை என மருத்துவர்கள் அன்றே கூறினர். பின்னர் ஆய்ந்த மத்திய அரசின் குழுவும் அதையே கூறியது. ஆனால் இரண்டாம் அலை ஊர் ஊராகச் சூறையாடிய அந்த நாட்களில், அப்பேச்சை நம்பி ஊசிக்கு அஞ்சியவர்கள் எத்தனை பேர்! தீயவன் ஒருவன் செய்தி கொண்டுவந்தால் அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிடாதபடி அதனைத் தீர விசாரியுங்கள் என்று அல்லாஹ் சூரா அல்ஹுஜுராத்தில் கட்டளையிடுவதன் பொருள் இதுவே.

அப்படியாயின் புகழ்பெற்றோருக்காக வருந்தவே கூடாதா எனச் சிலர் கேட்கலாம். வருத்தம் இயல்பானது, மார்க்கம் அதனைத் தடுக்கவில்லை. நபி (ஸல்) அவர்கள் தம் மகன் இப்ராஹீம் இறந்தபோது கண்ணீர் சிந்தினார்கள். அதே நாளில் சூரியகிரகணம் ஏற்பட்டது. குழந்தையின் மறைவுக்காகவே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசினர். அண்ணலார் அதனை ஏற்கவில்லை. எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் சூரியனும் சந்திரனும் கிரகணம் அடைவதில்லை எனத் தெளிவுபடுத்தினார்கள். கண்ணீருக்கு இடமுண்டு, மிகைக்கு இடமில்லை என்பதே இதன் பாடம். மாற்றுச் சமயத்தவர் இறந்தால் அவரை ஏசிப் பதிவிடும் நம் இளைஞர் சிலருக்கும் ஒரு பாடம் உண்டு. யூதர் ஒருவரின் சடலம் கடந்து சென்றபோது எழுந்து நின்ற நபியவர்கள், அதுவும் ஓர் ஆன்மா அல்லவா என்னும் பொருளில் வினவினார்கள். இறந்தோரை ஏசுவதைத் தடுத்ததும் அவர்களே.

பொதுவாழ்வில் இருந்தோரின் மரணத்தில் மக்கள் கேட்க வேண்டிய கேள்விகளும் உண்டு. மாநிலத்தை ஆண்டவருக்கு என்ன சிகிச்சை அளிக்கப்பட்டது என்று கேட்பது நியாயமே. அதற்கென்றே 2017இல் ஆறுமுகசாமி ஆணையம் அமைக்கப்பட்டு 2022இல் அறிக்கை அளித்தது. ஆனால் விசாரணை வேறு, வேடிக்கை வேறு. விசாரணை உண்மை கிடைத்ததும் நிற்கும். வேடிக்கைக்கு உண்மை கிடைத்தாலும் பசி தீராது.

இதில் நம் உள்ளத்தை மிகவும் வருத்துவது இன்னொன்று. ஸ்ரீதேவி இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு, 2018 பிப்ரவரி 22 அன்று, நம் அண்டை மாநிலத்தின் அட்டப்பாடியில் உணவு திருடினார் என்று சொல்லி மது என்னும் பழங்குடி இளைஞரை ஒரு கும்பல் அடித்துக் கொன்றது. குளியல் தொட்டிக்குக் கிடைத்த மணிநேரங்களுள் அந்தப் பசித்த மனிதருக்குக் கிடைத்தவை எத்தனை? அதிகம் எதற்கு, நம் புதுச்சத்திரத்தையொட்டிச் செல்லும் சேலம்–நாமக்கல் நெடுஞ்சாலையையே பாருங்கள். லாரித் தொழிலை நம்பி வாழும் மாவட்டம் நம்முடையது. வெளிமாநிலச் சாலையில் ஓர் ஓட்டுநர் இறந்தால் அவர் உடல் வீடு வந்து சேர நாட்களாகின்றன. அவ்வீட்டின் அடுப்பு எரிகிறதா, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் என்னவாயிற்று என விசாரிக்க எந்தக் கேமராவும் வருவதில்லை. நாமாவது செல்கிறோமா?

மஸ்ஜிதுந் நபவியைக் கூட்டிச் சுத்தம் செய்துவந்த ஒரு பெண்மணி இறந்தார். அவரது மரணத்தை அற்பமாகக் கருதிய தோழர்கள் நபியவர்களுக்கு அறிவிக்காமலே அடக்கிவிட்டனர். அவரைக் காணாது விசாரித்த நபியவர்கள், தமக்கு ஏன் அறிவிக்கவில்லை எனக் கேட்டு, அவருடைய கப்ருக்கே சென்று தொழுதார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள இந்நிகழ்வு, எந்த மரணம் பெரிது எனும் நம் அளவுகோலையே மாற்றிவிடுகிறது.

ஆகவே நம் இல்லங்களில் சில வழக்கங்களை ஏற்படுத்துவோம். இறந்தவரின் உடலைக் காட்டும் படம் வந்தால் பிறருக்கு அனுப்பாமல் அழித்துவிடுவோம். இறப்புச் செய்தியை உறுதியாகத் தெரிந்துகொள்ளும்வரை வாய் திறவாதிருப்போம். நினைவுகூர விரும்பினால் நற்செயலால் நினைவுகூர்வோம். விவேக் மறைந்தபோது பலர் மரக்கன்று நட்டதும், 2021இல் கன்னட நடிகர் புனீத் ராஜ்குமாரின் கண்கள் பிறருக்கு வழங்கப்பட்டதைக் கண்டு கர்நாடகத்தில் கண்தானத்திற்குப் பலர் முன்வந்ததும் நம் கண்முன் உள்ளன. அனைத்திற்கும் மேலாக, ஜும்ஆவிற்குப் பின் ஜனாஸா அறிவிப்பு வரும்போது, இறந்தவர் யாரென அறியாவிடினும் வரிசையில் நிற்போம். துக்க வீட்டிற்கு உணவு கொண்டு செல்வோம்.

நம் ஒவ்வொருவருக்கும் ஒரு நாள் அந்தத் துணித்திரை தேவைப்படும். உலகில் பிறர் குறையை மறைப்பவரின் குறையை மறுமையில் அல்லாஹ் மறைக்கிறான் என்பது நமக்கு வாக்களிக்கப்பட்டுள்ளது. அந்த நற்பேற்றை நம் அனைவருக்கும் வல்ல ரஹ்மான் வழங்குவானாக! ஆமீன்.