கோவலன் மகளுக்குக் ‘க’ முன்னெழுத்தா?

தமிழ்நாட்டரசு 2021 திசம்பரில் ஓர் ஆணை பிறப்பித்தது. தமிழில் பெயரெழுதுங்கால் முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுதல் வேண்டும் என்பது அது. தமிழுணர்வாளர் நெடுநாள் வேண்டிய செயல்; வரவேற்கத்தக்கது. ஆயின் அம் முன்னெழுத்தை இனி எழுதப்போவது ஆசிரியரின் தூவல் அன்று, கணினி. கணினிக்குத் தமிழெழுத்து இன்னதெனத் தெரியுமா?

ஆக்கு என்றொரு சிறு கருவி உண்டு. 1977இல் அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வகத்தில் ஆகோ, வைன்பெர்கர், கெர்னிகன் என்னும் மூவர் உருவாக்கியது. அம் மூவர் பெயர்களின் முதலெழுத்துகளே அதன் பெயராயின. படமில்லை, பகட்டில்லை, ஒற்றை வரிக் கட்டளை தட்டினாற் போதும். ஏட்டின் ஒவ்வொரு வரியையும் இடைவெளி கண்ட இடத்தில் புலம் புலமாகப் பிரித்து, முதற்புலம் இது, இரண்டாம் புலம் இது என எண்ணிட்டு, வேண்டிய புலத்தை மட்டும் எடுத்துத் தரும். காற்புள்ளியைப் பிரிப்பாகக் கொள்ளச் சொன்னாலும் கொள்ளும். பத்தாயிரம் பெயர்கொண்ட பட்டியலும் அதற்கு இமைப்பொழுது வேலை. புலம் பிரிக்கும் அளவில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் அது வேற்றுமை காட்டுவதில்லை.

புலத்துக்குள் புகுந்து எழுத்தை எண்ணச் சொல்லும்போதே தடுமாற்றம் தொடங்குகிறது. ‘கோவலன்’ என்னும் தந்தை பெயரின் முதலெழுத்தைக் கேட்டால் ‘க’ என விடை வருகிறது. கோ. மணிமேகலை, க. மணிமேகலை ஆகிவிடுகிறாள்! மாதவி மகளைக் கண்ணகி மகளாக்கிய கருவி எனக் காப்பியம் கற்றோர் நகைப்பர். பள்ளிச் சான்றிதழில் இப் பிழை ஏறிய பிள்ளைக்கோ அது நகையன்று. ‘தமிழ்’ எத்தனை எழுத்தெனில் 5 என்கிறது. பைட்டுகளை மட்டுமே எண்ணும் வகைகள் 15 என்கின்றன. 3 என்பதைத் திண்ணைப்பள்ளிச் சிறுவனும் அறிவான்.

பழி கருவியினுடையதன்று. 1991இல் வெளிவந்த ஒருங்குறி, இந்திய அரசின் இசுக்கி முறையைப் பின்பற்றித் தமிழைத் தேவநாகரி அச்சில் வார்த்தது. ககரத்துக்கும் ஙகரத்துக்கும் இடையே 3 கட்டங்கள் இன்றும் வெறுமையாய்க் கிடக்கின்றன. வடவெழுத்துகளின் இருக்கைகள் அவை. வாரா விருந்தினர்க்கு இலை போட்டவர்கள், வீட்டுப் பிள்ளையாகிய உயிர்மெய்க்கு இலை போடவில்லை. கோ என்பது ககரமும் ஓகாரக் குறியுமாக இரண்டாய்க் கிழிந்தது. (புணர்ச்சிக்காக உயிரையும் மெய்யையும் இலக்கணம் பிரித்துக் காட்டுவது வேறு, நெடுங்கணக்கை 247 என எண்ணுவது வேறு. இதனைக் குழப்பி விடையிறுப்போர் உளர்.) உயிர்மெய்க்குத் தனித்தனிக் குறியீடு தந்த டேசு-16 முறையைத் தமிழ்நாட்டரசு 2010இல் ஏற்றது, உலகக் கணினிகளில் அது வேரூன்றவில்லை.

கெர்னிகன் 2022இல், 80 அகவையில், ஆக்கின் மூல வடிவுக்கு ஒருங்குறியறிவைத் தாமே எழுதிச் சேர்த்தார். அயல்மொழி முதியவர் ஒருவர் அவ்வளவு செய்தார். எஞ்சிய ஒரு படியைத் தமிழரன்றி யார் ஏறுவார்? அது மலைப்பானதும் அன்று. முதற்குறியை அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ நிற்பின் அதனையும் சேர்த்தெடு என்னும் ஒரே நெறியை அக் கருவிக்கே ஒரு வரியில் எழுதிக் கொடுக்கலாம். பதிவேட்டு நிரல் எதனையும் ஏற்குமுன் கல்வித்துறை கோவலன், திருமாறன், வேலன் என்னும் மூன்று பெயர்களை அதனிடம் கொடுத்துப் பார்க்கட்டும். க, த, வ எனக் கக்கும் நிரலைச் செய்தவரிடமே திருப்பியனுப்பட்டும்.