நிலம் யார் பெயரில், எண் யார் கையில்?

2024 செப்டம்பர் 2 அன்று, 2,817 கோடி ரூபாய் மதிப்பிலான டிஜிட்டல் வேளாண் இயக்கத்திற்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மூன்றாண்டுகளில் 11 கோடி விவசாயிகளுக்கு ஆதாரைப் போன்றதொரு அடையாள எண் வழங்கப்படும். அவர்களின் நிலம், கால்நடை, பயிர், பெற்ற உதவிகள் ஆகிய விவரங்கள் யாவும் அந்த எண்ணோடு பிணைக்கப்படும். கிராமத்தை நகரச் சந்தையோடும் வங்கியோடும் இணைக்கும் பாலம் என இது விளம்பரப்படுத்தப்படுகிறது.

தொழில்நுட்பத்திற்கு நாம் எதிரிகள் அல்லர். மழை வரும் நாளும் மண்டியின் விலையும் முன்கூட்டியே தெரிவது சாகுபடியாளருக்குப் பேருதவியே. நம் கேள்வி வேறு: இந்தப் பதிவேட்டில் விவசாயி எனப் பெயர் பெறுபவர் யார்?

அடையாள எண்ணுக்கு அடிப்படை, மாநிலங்களின் நிலப் பதிவேடு. பதிவேட்டில் பெயரில்லாத குத்தகை விவசாயி, வாரத்திற்குப் பயிரிடுபவர், கணவர் பெயரிலுள்ள வயலில் உழைக்கும் பெண், பட்டா மறுக்கப்பட்ட ஆதிவாசி ஆகியோரின் நிலை என்ன? ஆண்டுக்கு 6,000 ரூபாய் வழங்க 2019இல் தொடங்கப்பட்ட பிஎம்-கிசான் திட்டம் நிலவுடைமையாளருக்கு மட்டுமே உரியதாக வரையறுக்கப்பட்டது. அதே ஆண்டு ஆந்திராவில் இயற்றப்பட்ட சாகுபடியாளர் உரிமைச் சட்டமோ, நில உரிமையாளர் கையெழுத்திட்டால்தான் குத்தகையாளருக்கு அட்டை என்றது. பழைய அநீதியைக் கணினியில் ஏற்றினால் அது நீதியாகிவிடாது. அழிக்க முடியாத ஆவணமாக இறுகிப்போகும்.

இணைப்பும் எல்லோருக்கும் கிட்டவில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஒருமுறையேனும் இணையத்தைப் பயன்படுத்திய ஊரகப் பெண்கள் 24.6 சதவீதம் மட்டுமே. ஆயினும் ஊரக வேலைத் திட்டத்தில், 2023 ஜனவரி 1 முதல் கைப்பேசிச் செயலி வழி வருகைப்பதிவு கட்டாயமாக்கப்பட்டது. சிக்னல் இல்லாத இடங்களில், செய்த வேலைக்கே கூலி மறுக்கப்பட்டது. தொழிலாளர்கள் தலைநகர் ஜந்தர் மந்தர் வரை வந்து போராட நேர்ந்தது.

மாற்றுப் பாதை உண்டு. கேரளத்தில் 1970 ஜனவரி 1 முதல் குத்தகை முறை ஒழிக்கப்பட்டு, உழுதவருக்கு நிலவுரிமை கிடைத்தது. 2002இல் மலப்புறத்தில் தொடங்கிய அக்ஷயா மையங்கள் கணினி அறிவை ஊர்தோறும் கொண்டுசென்றன. 2023 ஜூன் 5 அன்று தொடங்கிவைக்கப்பட்ட கே-ஃபோன், 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணையம் என்ற இலக்கைக் கொண்டது. அவ்விலக்கை எட்ட இன்னும் நெடுந்தூரம் செல்ல வேண்டியுள்ளது. ஆயினும் முதலில் நிலம், பிறகு கல்வி, அதன்மேல் கண்ணாடியிழை என்ற வரிசை கவனத்திற்குரியது.

எனவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. உண்மையில் பயிரிடும் அனைவரையும், உரிமையாளரின் கையெழுத்தை எதிர்பாராமல், கிராம சபையின் ஒப்புதலோடு பதிவுசெய்ய வேண்டும். எண் இல்லை, சிக்னல் இல்லை என்ற காரணத்தால் உரம், கடன், காப்பீடு, கூலி எதுவும் மறுக்கப்படலாகாது. விவசாயிகளின் தரவுகளைத் தனியார் பெருநிறுவனங்களுக்குக் கையளிக்கக் கூடாது.

பதிவு முகாம்கள் ஊருக்கு வரும்வரை நம் கிளைகள் காத்திருக்கக் கூடாது. தத்தம் கிராமங்களில் பயிரிட்டும் பட்டியலில் இடம்பெறாதோரை, விவசாயிகள் சங்கத்தோடும் விவசாயத் தொழிலாளர் சங்கத்தோடும் இணைந்து இப்போதே கணக்கெடுத்து, கிராம சபையில் முன்வைக்க வேண்டும். அரசின் பட்டியலுக்கு முன்பாக மக்களின் பட்டியல் ஆயத்தமாகட்டும்.