ஓ.டி. பணத்தை நம்பி டியூ போடக் கூடாது

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் தொழிற்பேட்டைகளில் உழைக்கும் ஒரு குடும்பத்துக்குக் கடன் அடைக்க வழி சொல்பவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் சொல்கிறார்கள். வரவு செலவை எழுதி வையுங்கள், வீண் செலவைக் குறையுங்கள், மிச்சத்தைக் கடனுக்குக் கட்டுங்கள் என்கிறார்கள். இதில் பிழை இல்லை. ஆனால், மாதம் பிறந்தால் ஒரே தொகை வங்கிக் கணக்கில் ஏறும் ஊழியரை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்ட யோசனை இது. இருங்காட்டுக்கோட்டையிலும் வல்லம் வடகாலிலும் வேலை பார்க்கும் கான்ட்ராக்ட் தொழிலாளியின் சம்பளம் அப்படி வருவதில்லை. பேசிக், படிகள், விடுப்பு எடுக்காமல் வந்ததற்கான ஊக்கத்தொகை, அதன் மேல் மிகுநேர வேலைக்கான ஓ.டி. என்று பல துண்டுகள் சேர்ந்ததுதான் அவர் கைக்கு வரும் பணம். எனவே செலவைப் பிரித்து எழுதுவதற்கு முன் வரவைப் பிரித்து எழுத வேண்டும் என்பது என் வாதம். ஆலை ஓடினாலும் ஓடாவிட்டாலும் வரக்கூடியது ஒரு பத்தி, ஆர்டர் இருந்தால் மட்டும் வரக்கூடியது இன்னொரு பத்தி. மாதத் தவணை, அதாவது டியூ, முதல் பத்திக்குள் மட்டுமே அடங்க வேண்டும். இரண்டாவது பத்தியை நம்பி ஒரு ரூபாய்கூட டியூ போடக் கூடாது.

ஒரு கற்பனைக் குடும்பத்தின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பிடித்தங்கள் போக உறுதியான சம்பளம் 16,000 ரூபாய். ஓ.டி.யும் ஊக்கத்தொகையுமாக இன்னொரு 6,000. நல்ல மாதத்தில் வீட்டுக்கு 22,000 வருகிறது. வண்டிக்கு 3,000, குழுக்கடனுக்கு 4,500, போனுக்கு 1,500 என்று டியூ மட்டும் 9,000. இது 22,000-இல் 41 விழுக்காடு. குறுங்கடன் வாங்கும் குடும்பத்தின் எல்லாத் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் வகுத்த விதிக்கு உட்பட்டதாகவே இந்தக் கடன் தெரியும். ஓ.டி. நின்ற மாதத்தில் அதே 9,000 ரூபாய் 16,000-இல் 56 விழுக்காடாகிவிடும். வீட்டு வாடகை 5,000 போனால் அரிசி, பருப்பு, காஸ், பள்ளிக்கூடச் செலவு, மருந்து எல்லாவற்றுக்கும் மிஞ்சுவது 2,000 ரூபாய். அந்தக் குடும்பம் எந்த ஊதாரித்தனமும் செய்யவில்லை. போன மாதம் செலவழித்ததைவிட ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகச் செலவழிக்கவில்லை. ஆனாலும் அந்த மாதம் யாரிடமாவது கைமாற்று கேட்டாக வேண்டும்.

ஓ.டி. நிற்பது எப்போதோ ஒருமுறை நடக்கும் விபத்து என்று எடுத்துக்கொள்ள இந்தப் பகுதியின் வரலாறு இடம் தரவில்லை. 2006-இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானவர்களின் வேலையோடு அதைச் சார்ந்த உதிரிபாக நிறுவனங்களின் வேலையும் போனது. ஒரகடத்திலிருந்து அதிகத் தொலைவில்லாத மறைமலைநகரில் ஃபோர்டு தன் கார் உற்பத்தியை 2022-இல் நிறுத்தியது. சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நீடித்தது. அந்த நாள்களுக்குச் சம்பளம் இல்லை என்று நிர்வாகம் எச்சரித்தது. போராட்டத்தின் நியாயம் தனியாகப் பேச வேண்டிய விஷயம். தொழிலாளி தன் உரிமையைக் கேட்கத் துணிவதற்குக்கூட, டியூ கட்டாமல் எத்தனை நாள் தாக்குப்பிடிக்க முடியும் என்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

இவற்றையெல்லாம்விட நம் கேள்விக்கு நெருக்கமானது ஃபாக்ஸ்கான் ஆலையில் நடந்தது. 2021 டிசம்பரில் விடுதி உணவால் பெண் தொழிலாளர்கள் நோயுற்று 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பெண்கள் நெடுஞ்சாலைக்கு வந்து மறியல் செய்தார்கள். ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரி 12 அன்றுதான் திறந்தது. இடைப்பட்ட நாள்களில் சம்பளம் தொடரும் என்று நிறுவனம் அறிவித்தது. ஆனால் ஆலையே ஓடாத நாளில் ஓ.டி. எங்கிருந்து வரும்? எல்லாம் நல்லபடியாக, நிர்வாகம் சொன்ன சொல்லைக் காப்பாற்றி நடந்தாலும் இரண்டாவது பத்தி காலியாகிவிடும். மூடுவது, போராட்டம் என்றெல்லாம் போக வேண்டாம். ஒரு மாடலின் விற்பனை குறைந்தாலே ஞாயிற்றுக்கிழமை வேலை முதலில் நிற்கும், அதன் பிறகு கான்ட்ராக்ட் ஆள்களைக் குறைப்பார்கள். இந்த வரிசை இங்குள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். ஆனால் அந்த வீட்டுக்குக் கடன் கொடுப்பவரின் படிவத்துக்குத் தெரியவில்லை.

வரவை இரண்டாகப் பிரிக்காமல் போவதற்கு வீட்டுக்குள்ளேயும் ஒரு காரணம் இருக்கிறது. வண்டிக் கடனும் போன் கடனும் கணவர் பெயரில் இருக்கும். குழுக்கடன் மனைவி பெயரில் இருக்கும். நகை அடகுச் சீட்டு யார் பெயரிலாவது இருக்கும். சம்பளம் கணவரின் வங்கிக் கணக்கில் ஏறுகிறது. வீட்டுச் செலவுக்கு என்று ஒரு தொகை மனைவி கைக்கு வருகிறது. அதில் எவ்வளவு பேசிக், எவ்வளவு ஓ.டி. என்பது அவருக்குத் தெரிவதில்லை. வாராவாரம் குழுக் கூட்டத்தில் உட்கார்ந்து தவணைக்குப் பதில் சொல்ல வேண்டியவரோ அவர்தான். இப்படி ஒரே வீட்டில் இரண்டு கணக்குகள் ஒன்றையொன்று பார்க்காமல் ஓடும்போது எந்த பட்ஜெட்டும் நிற்காது. பே ஸ்லிப் வீட்டுக்கு வர வேண்டும். இருவரும் அதை ஒன்றாக உட்கார்ந்து படிக்க வேண்டும். விடுதியில் தங்கி ஊருக்குப் பணம் அனுப்பும் இளம்பெண்களுக்கு இது இன்னும் அவசரம். அவர்கள் அனுப்பும் பணத்தில் எது நிலையானது என்று திருவண்ணாமலையிலோ விழுப்புரத்திலோ இருக்கும் பெற்றோருக்குத் தெரியாமல், மகள் வேலைக்குப் போகிறாள் என்ற ஒரே நம்பிக்கையில் அங்கே புதுக் கடன் பிறக்கக் கூடாது.

சரி, அப்படியானால் ஓ.டி. பணத்தை என்ன செய்வது? முதலில் மூன்று மாத டியூவுக்கு ஈடான தொகையைச் சேர்க்க வேண்டும். அதன் பிறகு கடனில் அசலைக் கழிக்க வேண்டும். 22 விழுக்காடு வட்டிக்குக் கடன் இருக்கும்போது, சொற்ப வட்டிக்கு வங்கியில் பணம் போட்டு வைப்பது அறிவீனம் இல்லையா என்று கணக்குத் தெரிந்தவர்கள் கேட்பார்கள். காகிதத்தில் அது சரியான கேள்வி. ஆனால் கையிருப்பு இல்லாத வீடு ஓ.டி. நின்ற மாதத்தில் போய் நிற்குமிடம் வங்கி அல்ல, தண்டல்காரர். 10,000 ரூபாய் என்று பேசி, 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் கொடுத்து, நாளுக்கு 100 வீதம் 100 நாள் வசூலித்தால் அதன் வட்டி ஆண்டுக் கணக்கில் 120 விழுக்காட்டையும் தாண்டும். வங்கியில் கிடக்கும் பணத்தை இந்த 120-உடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 22-உடன் ஒப்பிடுவதால்தான் அது நட்டமாகத் தெரிகிறது.

வட்டியைக் கணக்கிடுவதில் இன்னொரு கண்ணியும் உண்டு. ஒரு லட்சம் ரூபாய்க்கு 12 விழுக்காடு பிளாட் வட்டி, 24 மாதத் தவணை என்றால் மாதம் 5,167 ரூபாய். அசல் குறையக் குறைய வட்டியும் குறைய வேண்டும் என்ற முறையில் பார்த்தால் இது ஏறத்தாழ 22 விழுக்காடு. கட்டணங்களையும் சேர்த்து ஆண்டு வட்டி எவ்வளவு என்று ஒரே எண்ணாகக் காட்டும் தகவல் தாளைக் கடன் வாங்குபவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது இப்போது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தத் தாளைக் கேட்டு வாங்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

இதே ஒரு லட்சத்தை 22 விழுக்காடு குறையும் வட்டியில் 24 மாதத்துக்கு வாங்கினால் டியூ சுமார் 5,190. 36 மாதமாக்கினால் 3,820. நீண்ட தவணையில் மொத்த வட்டி ஏறக்குறைய 13,000 ரூபாய் கூடும் என்பதால் குறுகிய தவணையையே எடுக்கச் சொல்வார்கள். உறுதியான சம்பளத்துக்குள் 3,820 தான் அடங்கும் என்றால் 36 மாதத்தையே எடுக்க வேண்டும் என்கிறேன் நான். ஓ.டி. வந்த மாதங்களில் மீதி 1,370-ஐ அசலில் கட்டிக்கொண்டே வந்தால், கடன் கிட்டத்தட்ட அதே இரண்டு ஆண்டில் முடியும். கூடுதல் வட்டியும் பெரிதாக விழாது. வராத மாதத்தில் தவணை தவறாது. குறுங்கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கூடாது என்று 2022-ஆம் ஆண்டு விதி சொல்கிறது. மற்றக் கடன்களில் அபராதம் உண்டா என்பதை வாங்கும்போதே கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

எந்தக் கடனை முதலில் முடிப்பது என்பதில் நான் நீளமாக வாதாட விரும்பவில்லை. தண்டலும் மீட்டர் வட்டியும் இருந்தால் அவைதான் முதலில். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டமே தடைசெய்த வட்டிகள் இவை. வீட்டில் நகை இருந்தால் கூட்டுறவு வங்கியிலோ பொதுத்துறை வங்கியிலோ அடகு வைத்து இவற்றை முடித்துவிடலாம். மனைவியின் ஒரே சொத்தைக் கணவரின் கடனுக்குத் தூக்கிக் கொடுப்பதா என்ற எதிர்ப்பு முழுக்க நியாயமானது. அதனால் நகையை மீட்கும் நாளைக் குறித்து, தீபாவளி போனஸை அதற்கென்றே ஒதுக்கி வைத்த பிறகுதான் நகை பெட்டியை விட்டு வெளியே வர வேண்டும். அவர் சம்மதம் இல்லையென்றால் வரவே கூடாது.

என் வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் வலுவானது இதுதான்: உறுதியான சம்பளத்துக்குள் வாழ்வதே முடியாது என்னும்போது, டியூவை அதற்குள் அடக்கு என்பது கடனே வாங்காதே என்பதற்குச் சமம்; வேலைக்குப் போக வண்டி வேண்டும், வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் வேண்டும், பிள்ளைக்குக் காலேஜ் பணம் கட்ட வேண்டும். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் உறுதியான சம்பளத்தில் சோறும் வாடகையும் போக ஒன்றும் மிஞ்சாத வீட்டுக்குக் கடன் கொடுப்பது, அதன் சம்பளக் குறையை அந்த வீட்டின் தலையிலேயே வட்டியோடு ஏற்றுவதாகும். எட்டு மணி நேர வேலைக்கான கூலி ஒரு குடும்பத்துக்குப் போதவில்லை என்றால் அதைக் கேட்க வேண்டிய இடம் ஆலை நிர்வாகமும் தொழிலாளர் துறையும்தான். மிகுநேர வேலைக்கு இரட்டிப்புக் கூலி என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வைத்தது, ஓ.டி.யை வழக்கமான வேலையாக்க அல்ல. மிகுநேர வேலை வாங்க நிர்வாகம் தயங்க வேண்டும் என்பதற்காக.

இன்னொரு குரலும் கேட்கிறது. இளைஞர்கள் விலை உயர்ந்த போனும் வண்டியும் வாங்குகிறார்கள், ஒழுக்கம் இருந்தால் போதும் என்பது அந்தக் குரல். நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் குடும்பக் கடன்களில் பாதிக்கு மேல் வீட்டுக் கடன் அல்லாத சில்லறைக் கடன்கள் என்று ரிசர்வ் வங்கியே சொல்கிறது. ஆகவே இந்தக் கவலையை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் மேலே போட்ட கணக்கில் போன் டியூ 1,500-ஐ எடுத்துவிட்டாலும் ஓ.டி. இல்லாத மாதத்தில் மிஞ்சுவது 3,500 தான். போன் வாங்காமல் இருந்திருந்தாலும் அந்தக் குடும்பம் அதே மாதத்தில் அதே இடத்தில்தான் போய் நின்றிருக்கும்.

இப்படிக் கண்டிப்பாக இருந்தால் முறையான நிறுவனங்கள் கடன் தராமல், மக்கள் கந்துவட்டிக்குப் போவார்களே என்று கடன் நிறுவனங்கள் தரப்பில் கேட்பார்கள். மிரட்டி வசூலிப்பதைத் தடுக்கத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025-இல் ஒரு சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது என்பதையும் அவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும். வசூலில் வரும் வன்முறையின் வேர், கட்ட முடியாத டியூவைப் போட்ட நாளில் இருக்கிறது. ரிசர்வ் வங்கி பாதி வருமானம் என்ற வரம்பை வைத்திருப்பது நல்லதுதான். அந்த வருமானத்தை உறுதியானது, மாறக்கூடியது என்று இரண்டு வரியாகப் படிவத்தில் எழுதச் சொல்லி, முதல் வரியை மட்டும் வரம்புக்குக் கணக்கில் எடுக்க வேண்டும். அதனால் குறையும் கடனை நிரப்ப வேண்டியவை தண்டல் கடைகள் அல்ல, தொழிலாளர்களின் சொந்தக் கூட்டுறவுகள். இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904-இல் பதிவானது இதே மாவட்டத்தின் தலைநகரான காஞ்சிபுரத்தில்தான். நிரந்தர ஊழியர்களுக்கான சிக்கன நாணயச் சங்கங்கள் தமிழ்நாட்டுக்குப் புதியவை அல்ல. ஆனால் ஆறு மாதத்தில் வேறு கான்ட்ராக்டரிடம் மாறிவிடும் தொழிலாளி எந்த நிறுவனத்தின் சங்கத்தில் சேர்வது? வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகளோடு பெண் தொழிலாளர்களுக்கு விடுதி கட்ட முடிந்த அரசு, நிறுவனத்தை வைத்து அல்லாமல் தொழிற்பேட்டையை வைத்து உறுப்பினர் சேர்க்கும் ஒரு சங்கத்தைச் சிப்காட் வளாகத்திலேயே பதிவு செய்ய முடியும். கான்ட்ராக்டர் மாறினாலும் உறுப்பினர் எண் மாறாத சங்கமாக அது இருக்க வேண்டும்.